அடங்கலில் ஏறிய பெயர்

கிராம நிர்வாக அலுவலராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடத்தில், ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய புயல் நிவாரணத்தை நான் வேறொருவர் பெயரில் எழுதிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தெரியாமல் நடந்துவிட்டது என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. போய்ப் பார்க்க வேண்டியதைப் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தத் தவறு நேரானதற்குச் சிலர் காரணம். என் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்றோ என்னை நல்லவளாக்க வேண்டும் என்றோ அவர்களுக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை. இத்தனை நாள் கழித்து இதை எழுதுவது அவர்களை நினைத்துத்தான்.

எங்கள் வீடு வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடி. அப்பா கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பொத்தான் தைத்தார். அரசுத் தேர்வுக்காக ஒரு இலவசப் பயிற்சி வகுப்பில் படித்தேன். அங்கே நான் வாயைத் திறந்தாலே பக்கத்துப் பெஞ்சில் சிரிப்பார்கள். 'இன்னா சார், புரியல சார்' என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு ஒரு மாதம் கேள்வியே கேட்கவில்லை. தேர்ச்சி பெற்று வேலையில் சேர்ந்தபோது என் பேச்சைத் துடைத்துக் கழுவி வைத்திருந்தேன். ஆபீசில் 'என்ன', 'இருக்கிறது', வீட்டில் 'இன்னா', 'கீது'.

எனக்குக் கிடைத்த கிராமம் எண்ணூரைத் தாண்டி, காட்டுப்பள்ளிக்கு மேற்கே உப்பங்கழிக்கு இந்தப் பக்கம் இருந்தது. ஊர் எல்லையில் நின்றால் ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, இன்னொரு பக்கம் துறைமுகத்துக் கிரேன். நடுவில் கொஞ்சம் நெல் வயல். அங்கே நெல் விளைகிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. சேர்ந்த முதல் நாள் ஒரு வயலைக் காட்டி, இது புல்லா என்று தலையாரியிடம் கேட்டேன். அவர் ஐம்பதைத் தொட்ட மனிதர், அதே ஊர்க்காரர். சிரிக்கவில்லை. "நாத்து மேடம்," என்று மட்டும் சொன்னார்.

வி.ஏ.ஓ. அந்தக் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. நான் கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி மீஞ்சூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் வந்தேன். மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பிலேயே பாதி நாள் போகும். அடங்கல் என்று ஒரு பதிவேடு உண்டு. எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று மாதாமாதம் வயலுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். நான் போகவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியதைப் பார்த்து மேசையில் உட்கார்ந்தபடியே எழுதினேன். பக்கத்துக் கிராமத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டது எனக்குத் தைரியமாக இருந்தது.

அந்த வருடம் கார்த்திகைக் கடைசியில் புயல் வந்தது. மூன்று நாள் மழை. கடலும் உப்பங்கழியும் ஆற்று வெள்ளத்தை உள்ளே வாங்கவில்லை. தண்ணீர் ஒரு வாரத்துக்கு மேல் வயலிலேயே நின்றது. நெல் பூத்து நின்ற நேரம் அது. மழை விட்டதும் கலெக்டர் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து வயல் வயலாகக் கணக்கெடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான பயிருக்கு இடுபொருள் மானியம் உண்டு. அதாவது விதைக்கும் உரத்துக்கும் போட்ட செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் விவசாயியின் வங்கிக் கணக்கில் போடும்.

நானும் உதவி வேளாண்மை அலுவலரும் தலையாரியும் போனோம். வேளாண்மை அலுவலர் என் வயதுக்காரர், தஞ்சாவூர்ப் பக்கம். பேண்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நடப்பார். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். ஒவ்வொரு வயலிலும் நின்று போட்டோ எடுக்க வேண்டும், இடமும் நேரமும் அதில் பதிவாக வேண்டும். சிக்னல் கிடைக்காமல் கையைத் தூக்கிப் பிடித்தபடி வரப்பில் நிற்போம். நான்காவது நாள் எனக்குக் காலெல்லாம் சேற்றுப்புண்.

கடைசி நாளன்று உப்பங்கழி ஓரத்தில் ஒன்றரை ஏக்கர் பாக்கி இருந்தது. அங்கே தண்ணீர் இன்னும் இடுப்பளவு. நாங்கள் மேட்டிலேயே நின்றோம். முழுச் சேதம் என்பது அங்கிருந்தே தெரிந்தது. அந்த வயலில் யாரும் இல்லை. தலையாரி, "இது பாய் நெலம்," என்றார். ராயபுரத்தில் கயிற்றுக் கடை வைத்திருப்பவர் பெயரில் பட்டா இருந்தது. என் அடங்கலிலும் பயிர் செய்பவர் என்ற இடத்தில் அவர் பெயர்தான். போட்டோ எடுத்தோம், எழுதினோம், நான் மாலை ரயிலைப் பிடித்தேன்.

மார்கழியில் பட்டியலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம். ஆட்சேபணை இருந்தால் பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும். நான்காம் நாள் காலையில் ஒரு அம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கருத்து, ஒல்லியாக, புடவையை இழுத்துச் செருகியிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"லிஸ்ட்ல எங்க வயலு கீது மேடம். என் பேரு இல்ல," என்றார்.

எந்த வயல் என்று கேட்டேன். உப்பங்கழி ஓரத்து ஒன்றரை ஏக்கர். அது ராயபுரத்துக்காரர் நிலம் இல்லையா என்றேன்.

"நெலம் பாயோடது. பயிரு என்னோடது. பதினாலு வருசமா நான்தான் வெக்கிறேன், குத்தகைக்கு."

கணவர் உப்பளத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர் என்பதையும், ஒரே மகளைப் பிரசவத்துக்காகப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் கணக்கெடுக்க வந்த அன்று ஊரில் இல்லை என்பதையும் மெதுவாகச் சொன்னார். குரலை ஒருமுறைகூட உயர்த்தவில்லை. நான் அடங்கலை எடுத்து விரித்து, அதில் உங்கள் பெயர் இல்லையே என்றேன். சட்டம் பேசுவதுபோல ஒரு குரல் எனக்கு வந்துவிட்டது.

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அத்த யாரு எழுதனது?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

"உங்கள நான் எங்க வயலாண்ட பாத்ததே இல்லியே மேடம்," என்றார். குத்திக் காட்டுவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆச்சரியப்பட்டுச் சொன்னதுபோல இருந்தது. நான் அடங்கலை மூடினேன்.

பிறகு, கலெக்டர் ஆபீசில் மனு நாள் இருக்கிறதே, அங்கே போகத் தோன்றவில்லையா என்று கேட்டேன். அப்படி ஒரு மனு போயிருந்தால் என் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் கேட்டேன்.

"எல்லாரும் அதான் சொன்னாங்க. எழுதனது நீங்க. மொதல்ல உங்களாண்டதான கேக்கணும்."

அன்று அவருடனேயே வயலுக்குப் போனேன். தண்ணீர் வடிந்திருந்தது. நெல் தரையோடு படுத்துக் கிடந்தது. அழுகல் நாற்றம் தூரத்திலேயே அடித்தது. அவர் ஒரு கதிரைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்து நசுக்கச் சொன்னார். நசுக்கினேன். உமி மட்டும் நொறுங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை. பூ மூழ்கினால் பால் பிடிக்காது, எல்லாம் பதர்தான் என்றார். மாட்டுக்கு வைக்கோலாகவாவது ஆகுமா என்று கேட்டேன். மாடும் தின்னாது என்றார்.

வேறு இரண்டு வி.ஏ.ஓ.க்களுக்குப் போன் செய்து யோசனை கேட்டேன். இரண்டு பேரும் ஒன்றுபோலவே சொன்னார்கள். பணம் பாய் கணக்குக்கே போகட்டும், அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிடும்படி அவரிடம் வாயால் சொல்லிவிடு, எழுத்தில் எதையும் தொடாதே. தொட்டால் நீ வயலுக்குப் போகாதது வெளியே வரும். எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "தப்பு பண்ணது நீ. அத்த ஏன் அந்தம்மா தலையில கட்ற?" என்றார். அப்பா, எனக்கு இன்னும் ஒரு கரண்டி சாதம் போடும்படி அம்மாவிடம் சொன்னார்.

நிலத்துக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் பயிர் செய்பவர் பெயரைச் சிக்கல் இல்லாமல் மாற்ற முடியும். மறுநாள் காலையில் ராயபுரத்துக்குப் போனேன். கடை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்தது. படகுக்கு வேண்டிய கயிறும் தார்ப்பாயும் வாசல்வரை அடுக்கியிருந்தார்கள். பாய்க்கு அறுபது வயது இருக்கும். வெள்ளைத் தாடி, கண்ணாடி. கயிறு அளந்துகொண்டிருந்த ஆளைப் பார்த்து எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார். நான் ஆபீஸ் தமிழில் ஆரம்பித்தேன். பயிர் சாகுபடியாளர், பட்டாதாரர், ஒப்புதல் கடிதம். அவர் புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நீ எந்த ஊரம்மா என்றார். வியாசர்பாடி என்றேன்.

"அப்ப ஏன்மா இவ்ளோ கஷ்டப்பட்டுப் பேசற?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எங்கள் வீட்டில் பேசுவதுபோலவே சொன்னேன். பாய், தப்பு என்னுது, வயலாண்ட போகாம எழுதிட்டேன், பயிரு வெச்சது அந்தம்மா, துட்டு உங்க பேர்ல வரும்போல கீது. அவர் நிவாரணம் என்று ஒன்று வரப்போகிறது என்பதையே அப்போதுதான் கேள்விப்படுகிறார் என்பது தெரிந்தது. பணம் வந்தால் அப்படியே அவளிடம் கொடுத்துவிடுகிறேன், அதற்கு எழுத்து எதற்கு என்று கேட்டார். இந்த ஒரு வருடத்தோடு போவதில்லை, அடுத்த புயலுக்கும் அடங்கலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும் என்று சொன்னேன்.

அவர் முகம் மாறியது. குத்தகைக்காரர் பெயர் அரசாங்கப் பதிவில் ஏறிவிட்டால் நாளைக்கு நிலமே கைவிட்டுப் போய்விடும் என்று அவருடைய வாப்பா காலத்திலிருந்து சொல்லிக் கேட்டிருக்கிறார். மகனுக்கும் அதே பயம். வக்கீல் ஒருவரைக் கேட்க வேண்டும் என்றார். அவர் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆட்சேபணை நாள் முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, பொன்னேரி தாலுக்கா ஆபீசில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். டோல்கேட் பஸ் நிறுத்தம்வரை நடந்தே வந்தேன். பஸ் ஏறத் தோன்றவில்லை. அவர் கடிதம் தரமாட்டார் என்று முடிவே செய்துவிட்டேன். அந்த அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்ற யோசனைதான் வழி முழுக்க.

நான்கு நாள் ஒரு தகவலும் இல்லை. கடைசி நாள் காலையில், என் தரப்பிலாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பொன்னேரி தாலுக்கா ஆபீசுக்குப் போனேன். அந்த அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். தலையாரி தன் மொபெட்டில் அவரை உட்காரவைத்துக் கூட்டிவந்தார். வாசல் வேப்பமரத்தடியில் பாய் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். ரயிலில் வந்தாராம்.

முந்தின நாள் பாய் நிலத்தைப் பார்க்கப் போயிருக்கிறார். போய் ஆறு வருடம் ஆகியிருந்ததாம். விற்கலாமா என்று பார்க்கத்தான் போனேன் என்று ஒளிக்காமல் சொன்னார். உப்பங்கழிப் பக்கம் ஒரு கரை போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். ஆள் உயரத்துக்குப் பாதி, வயலின் நீளம் முழுக்க. உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. அவர் வாப்பா காலத்தில் அந்தக் கரை இல்லை. யார் போட்டது என்று பக்கத்து வயல்காரரைக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு வெயில் காலமும் இந்த அம்மா கூடை கூடையாக மண் சுமந்து போட்டதாக அவர் சொல்லியிருக்கிறார்.

"அது என் நெலம்மா. அதுக்கு நான் ஒரு கூடை மண்ணு போட்டதில்ல," என்றார் பாய். "இந்தம்மா போட்டுகீது. பேரு ஏறட்டும்."

அந்த அம்மா தலையாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர், "கரை போடலேன்னா நெல்லு எங்க வரும் பாய்," என்று மட்டும் சொன்னார். அதில் பாராட்ட என்ன இருக்கிறது என்பதுபோல.

கடிதத்தை நான் பார்த்தேன். நோட்டுப் புத்தகத் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் கோணல்மாணலாக எழுதியிருந்தார். பதினான்கு வருடமாக நிலத்தில் பயிர் செய்வது இன்னார்தான், நிவாரணம் அவருக்கே சேர வேண்டும், இனி வருவதும் அவருக்கே. வக்கீலைக் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

தாசில்தார் கண்டிப்பான மனிதர் என்று பெயர். நான் எழுதி எடுத்துப் போயிருந்த தாளை இரண்டுமுறை படித்தார். அதில் வயலைப் பார்வையிடாமல் அடங்கல் எழுதினேன் என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்து, இதையே எழுத்துப் பிழை என்று எழுதினால் எனக்கும் சுலபம், உனக்கும் சுலபம் என்றார். அவர் என்னை மிரட்டவில்லை, காப்பாற்றத்தான் பார்த்தார். நான் உடனே வீராப்பாக மறுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். கதவுக்கு வெளியே பெஞ்சில் அவர்கள் இரண்டு பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கயிற்றுக் கடையை விட்டுவிட்டு ஒருவர், பச்சைக் குழந்தைக்காரி மகளை விட்டுவிட்டு ஒருவர். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அப்படியே இருக்கட்டும் சார் என்றேன்.

விளக்கம் கேட்டு மெமோ வரும் என்றார். வரட்டும் சார் என்றேன். அவர் பேனாவைத் திறந்தார்.

திருத்திய பட்டியலில் வேளாண்மை அலுவலரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மேட்டிலிருந்தே பார்த்து எழுதியதும் அதில் வெளிப்படும். எப்படிச் சொல்வது என்று தயங்கிப் போன் செய்தேன். முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். சாயங்காலமே பைக்கில் வந்து போட்டுவிட்டுப் போனார். பிறகு எத்தனையோ முறை சந்தித்திருக்கிறோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மெமோ வந்தது. பதில் எழுதினேன். என் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. அம்மா அதற்கு அர்த்தம் கேட்டார், சொன்னேன். வேலை போகாதில்ல என்றார். போகாது என்றேன். அத்தோடு விட்டுவிட்டார்.

பணம் மாசியில் வந்தது, மற்றவர்களுக்கெல்லாம். அந்த அம்மாவுக்கு வரவில்லை. கேட்டுப் பார்த்ததில், ஆதாரோடு இணைந்திருந்தது நூறு நாள் வேலைக்காக எப்போதோ தொடங்கிய பழைய கணக்கு. பல வருடமாக அதைத் தொடாததால் வங்கி முடக்கி வைத்திருந்தது. பணம் போய்த் திரும்பியிருந்தது. இவ்வளவு செய்தும் இப்படியா என்று எனக்கு அழுகையே வந்தது. தலையாரி, நாளைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்த அம்மாவை மீஞ்சூர் வங்கிக்குக் கூட்டிப்போனார். அன்று நடக்கவில்லை. கைரேகை விழவில்லை, மண்ணிலும் சேற்றிலும் ரேகை தேய்ந்திருந்தது. மூன்றாவது முறை போனபோது ஒரு இளம் காசாளர் பெண் ஈரத்துணியால் விரலைத் துடைத்துத் துடைத்து, எட்டாவது தடவை பதிய வைத்தாளாம். தலையாரி வந்து சொல்லும்போது, தன் மகள் தேர்வில் தேறியதுபோலச் சொன்னார்.

சித்திரையில் ஒரு மத்தியானம் அந்த அம்மா ஆபீசுக்கு வந்து போனை நீட்டினார். வங்கியிலிருந்து வந்த மெசேஜ். படித்துச் சொன்னேன்.

"போட்டதுல பாதிகூட இல்ல மேடம்," என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் உடனே, "ஆனா வெத நெல்லுக்கு ஆச்சு. யார் கையும் பாக்க வேணாம். உங்க புண்ணியம்," என்றார்.

புண்ணியம் என்னுடையது இல்லை என்று சொல்லத் தோன்றியது. உட்காருங்க என்றேன். அன்று உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பேரனுக்குத் தொட்டில் கட்டியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த ஆனியில் நான் கிராமத்திலேயே ஒரு அறை வாடகைக்கு எடுத்தேன். மாதாமாதம் வயல்களுக்கு நடந்தேன். முதல் சுற்றிலேயே, பட்டா ஒருவர் பெயரிலும் பயிர் இன்னொருவர் கையிலுமாக இருந்த வயல்கள் பல தெரியவந்தன. நிலத்துக்காரர்கள் சென்னையில், செங்குன்றத்தில், சிலர் வெளிநாட்டில். ராயபுரத்துப் பாய் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று ஊரில் பேச்சுப் பரவியிருந்ததால், கேட்டதும் கொடுத்தவர்கள் சிலர் உண்டு. கதவைச் சாத்தியவர்களும் உண்டு. பாயே தன் சொந்தக்காரர் ஒருவரிடம் எனக்காகப் பேசினார். பாய் தன் நிலத்தை விற்கவும் இல்லை. மகனுக்கு இன்னும் கோபம்தான் என்று போனில் சொல்லிச் சிரிப்பார்.

அடுத்த தையில் அந்த ஒன்றரை ஏக்கர் நன்றாக விளைந்தது. அறுவடை முடிந்த வாரம் அந்த அம்மா ஒரு சிப்பம் புது அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டார். வாங்கக் கூடாது என்று எவ்வளவோ சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. நான் கொடுப்பது லஞ்சமா என்று தலையாரியைப் பார்த்துக் கேட்டார். தலையாரி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அப்புறம், அரிசியாகக் கொடுத்தால்தானே தப்பு, சோறாகப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்றார்.

மறுநாள் மத்தியானம் வயல் மேட்டில் பனைமரத்தடியில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். புது அரிசிச் சோறு, உப்பங்கழி இறால் போட்ட கத்தரிக்காய்க் குழம்பு, கருவாட்டு வறுவல். தலையாரி, வேளாண்மை அலுவலர், அந்த அம்மாவின் மகள், ஒரு வயதுப் பேரன். பாய்க்கும் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் பேரப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளைகள் கரைமேல் ஏறி ஓடினார்கள். மண் சரியும், இறங்குங்கடா என்று பாய் அதட்டினார்.

"வுடுங்க பாய். ஓடுனா கரை இறுகும்," என்றார் அந்த அம்மா.

எனக்கு மூன்றாவது முறை சோறு போட்டார். போதும் என்று கையால் மறைத்தேன். கையைத் தள்ளிவிட்டுப் போட்டார். நான் சாப்பிட்டேன்.